வாங்கினால் ஒரு வழி... விற்றால் ஒரு வழி! ஏமாந்த விவசாயி எந்தக் கதவைத் தட்டுவது?

புரட்டாசிக் கடைசியில் விதைத்த மக்காச்சோளம். கரிசல் காட்டில் ஈரம் இருந்தது, உரம் வைத்தாயிற்று, களையும் எடுத்தாயிற்று. பயிர் ஆள் உயரம் வளர்ந்து நிற்கிறது. மார்கழியில் ஒரு கதிரை உரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் தக்கை. நாலு சால் தள்ளி இன்னொரு கதிர், அதுவும் அப்படியே. வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு கம்பெனி விதை போட்ட காட்டில் கதிர் நிறைய மணி.

விதை வாங்கிய கடைக்கு ஓடுகிறார் விவசாயி.

"அண்ணாச்சி, இப்படி ஆயிப்போச்சே?"

"கம்பெனிக்காரன் கொடுத்தான், நான் வித்தேன். மழை முன்ன பின்ன ஆனா விதை என்ன செய்யும்? பில் இருக்கா?"

பில் இல்லை. கடனுக்கு வாங்கியது. கடைக்காரர் தன் நோட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. விதைப்பை விதைத்த அன்றைக்கே காட்டில் கிடந்து காற்றோடு போய்விட்டது. கம்பெனிப் பிரதிநிதி 'நாளைக்கு வாரேன்' என்று சொல்லியே ஒரு மாதத்தை ஓட்டிவிடுகிறார். அதற்குள் தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்டாயிற்று. இனி காட்டுவதற்குக் காடும் இல்லை, காகிதமும் இல்லை.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரங்களில் மானாவாரி செய்கிறவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் இதுவே வேறு வடிவத்தில் நடக்கும். அங்கே தோட்டத்தில் வாழைத்தாரை வெட்டிக்கொண்டு போன வியாபாரி, பணத்தைத் தவணை சொல்லியே வருடத்தை ஓட்டுவார். கடற்கரையில், வாங்கிய மூன்றாம் மாதமே வள்ளத்தின் இன்ஜின் நின்றுபோகும்.

மூன்றிலும் சட்டம் கைகொடுக்கும். ஆனால் மூன்றுக்கும் கதவு ஒன்றல்ல. காசு கொடுத்து ஒரு பொருளையோ சேவையையோ வாங்கி ஏமாந்தால் நுகர்வோர் ஆணையம். விளைந்ததை விற்றுப் பணம் வராவிட்டால் மக்கள் நீதிமன்றமும் சிவில் நீதிமன்றமும். இந்த வித்தியாசம் தெரியாமல் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தால் காலக்கெடு முடிந்துவிடும்.

விவசாயியும் நுகர்வோரே

"விவசாயம் வியாபாரம். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்" என்று கம்பெனித் தரப்பில் வாதாடுவது உண்டு. இந்த வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் பதில் சொல்லிவிட்டது. மத்திய அரசு நிறுவனமான தேசிய விதைக் கழகம், ஆந்திர விவசாயிகளை எதிர்த்து நடத்திய வழக்கு அது.

கழகத்திடம் விதை வாங்கி விதைத்த விவசாயிகளுக்கு விளைச்சல் பொய்த்தது. சிலர் கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு, விளைந்ததைக் கழகத்துக்கே திருப்பித் தருவதாக விதை உற்பத்தி செய்தவர்கள். நுகர்வோர் மன்றங்கள் நஷ்டஈடு வழங்க உத்தரவிட்டன. கழகம் மேல்முறையீடு செய்தது. அதன் வாதங்கள் நான்கு.

'விதைக்கென்று 1966-ம் வருடத்து விதைச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் சட்டம் இங்கே வராது' என்றது. விதைச் சட்டத்தில் தவறு செய்தவருக்குத் தண்டனை உண்டே தவிர, நஷ்டப்பட்ட விவசாயிக்கு ஈடு கொடுக்க வழி இல்லை. எனவே நுகர்வோர் மன்றத்துக்குப் போகத் தடை இல்லை என்றது நீதிமன்றம்.

'ஒப்பந்தத்தில் நடுவர் மூலம் தீர்க்க வேண்டும் என்று இருக்கிறது' என்றது. அப்படி இருந்தாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமை போய்விடாது என்றது நீதிமன்றம்.

'வணிக நோக்கத்துக்கு வாங்கினார்கள்' என்றது. விளைந்ததைத் திருப்பித் தருவதாக ஒப்புக்கொண்டு விதை வாங்கியது வணிக நோக்கம் ஆகாது, அவர்கள் நுகர்வோர்தான் என்றது நீதிமன்றம்.

'விதை மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லையே' என்றது. விதைப்பதற்காக வாங்கிய விதை முழுவதையும் விவசாயி விதைத்துவிடுவார்; பின்னால் வழக்கு வரும் என்று அவர் எடுத்துவைப்பார் என எதிர்பார்க்க முடியாது. அதே குவியலின் மாதிரியைக் கழகமே கொடுத்திருக்கலாமே என்று கேட்டது நீதிமன்றம்.

எதிராளி எவ்வளவு பெரிய நிறுவனமானாலும் இந்தத் தீர்ப்பு விவசாயிக்குத் துணை நிற்கும். இப்போது நடைமுறையில் உள்ள 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்கு மட்டும் வாங்குகிற பொருளை வணிக நோக்கம் என்று கருதுவதில்லை.

எங்கே, எவ்வளவு, எத்தனை நாள்?

தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்கள் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி ஹைதராபாத்தில் இருந்தாலும் புனேயில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே, வேலை செய்யும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கவனிக்க வேண்டியது, இங்கே கணக்கு கொடுத்த விலைதான். கேட்கும் நஷ்டஈடு அல்ல. விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. 12,000 ரூபாய்க்கு விதை வாங்கி 3 லட்சம் ரூபாய் விளைச்சல் போனவர் ஒரு பைசா கட்டணம் கட்டாமல் புகார் கொடுக்கலாம். 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய், 20 முதல் 50 லட்சம் வரை 1,000 ரூபாய்.

வக்கீல் வைத்தே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. என்ன வாங்கினோம், எப்போது, எவ்வளவுக்கு, என்ன குறை, என்ன கேட்கிறோம் என்பதைத் தமிழிலேயே வரிசையாக எழுதி, ஆதாரங்களின் நகலை இணைத்தால் போதும். ஒரே குவியல் விதையால் ஊரில் பத்துப் பேர் பாதிக்கப்பட்டிருந்தால், ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.

காலக்கெடு 2 வருடம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுத்தாயிற்று, விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பேசியாயிற்று, கம்பெனியும் 'பார்க்கிறோம்' என்று சொல்லிவிட்டது என்று காத்திருப்பார்கள். அந்த மனுக்கள் தேவைதான்; பின்னால் ஆதாரமாகவும் உதவும். ஆனால் மனு கொடுத்ததால் அந்த 2 வருடக் கணக்கு நின்றுவிடாது. ஒரு பக்கம் மனு, மறுபக்கம் ஆணையத்தில் புகார் என்று இரண்டும் நடக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு பதில் கொடுக்க 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக ஆகும். அதற்கும் மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது. தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்குப் போகலாம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது.

காடு நிற்கும்போதே சாட்சியைச் சேருங்கள்

சட்டம் பக்கம் நிற்கிறது என்பதற்காக எல்லா வழக்கும் ஜெயிக்காது. 2005-ல் ஹரியானா விதை மேம்பாட்டுக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் விவசாயிக்கு எதிராகவும் சொல்லியிருக்கிறது. பயிர் மோசமானதற்கு விதைதான் காரணம் என்று இருக்க வேண்டியதில்லை. தண்ணீரின் தரம், நீண்ட வறட்சி, உப்பு சேர்ந்தது என்று வேறு காரணங்களும் இருக்கலாம் என்றது. ஆகவே 'விளையவில்லை' என்று காட்டினால் போதாது. 'விதையால் விளையவில்லை' என்று காட்ட வேண்டும்.

மக்காச்சோளத்தில் மணி பிடிக்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. குஞ்சம் விரிந்து பட்டுநூல் வரும் நாட்களில் கடும் வெயிலும் ஈரப் பற்றாக்குறையும் சேர்ந்தால் மகரந்தச் சேர்க்கை கெட்டுப்போகும். 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த படைப்புழு குருத்தைத் தின்றதும் விதையின் குற்றம் அல்ல. அதேசமயம் ஒரே நாளில், ஒரே மண்ணில், ஒரே பராமரிப்பில் பக்கத்துக் காடு நன்றாக விளைந்து, ஒரே குவியல் எண் விதை போட்ட நாலு காடுகள் மட்டும் பொய்த்திருந்தால், சந்தேகம் விதையின் மேல் போகும். கலப்பு ரகம் தெரிந்தால் இன்னும் தெளிவு. ஒரே காட்டில் உயரம், பூக்கும் நாள், கதிரின் நிறம் ஆளுக்கொரு விதமாக இருந்தால் இனத்தூய்மை குறைவு என்று அர்த்தம்.

இதைச் சொல்ல வேண்டியவர் நிபுணர். செய்யவேண்டியது இதுதான்:

● குறை தெரிந்த அன்றைக்கே வட்டார வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்து வாங்குங்கள். விதை ஆய்வாளருக்கும் ஒரு நகல்.

● வயலாய்வு கேளுங்கள். வேளாண்மைத் துறையோடு கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி, வாகைக்குளம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றின் விஞ்ஞானிகளும் பார்த்தால் அறிக்கைக்கு வலு கூடும். ஆய்வு நாளைக் கடைக்கும் கம்பெனிக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். 'எங்களுக்குத் தெரியாமல் பார்த்தார்கள்' என்று பின்னால் சொல்ல இடம் வைக்காதீர்கள்.

● அறிக்கையில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். 'மகசூல் பாதிப்பு 70 சதவீதம்' என்று மட்டும் இருந்தால் அது பாதி அறிக்கை. பக்கத்து வயலோடு ஒப்பீடு, மழை, பூச்சி, உர விவரம், விதையின் குவியல் எண் எல்லாம் வர வேண்டும்.

● தேதி தெரியும்படி போட்டோ, வீடியோ எடுத்துவையுங்கள். ஆய்வு முடியும்வரை பயிரை அழிக்காதீர்கள்.

● கடைக்கும் கம்பெனிக்கும் ஒப்புகை அட்டையுடன் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 15 நாள் அவகாசம் கொடுத்து, கேட்கும் தொகையைக் குறிப்பிடுங்கள்.

விதை வாங்கும்போதே செய்யவேண்டியதும் உண்டு. பில் தருவது கடைக்காரரின் தயவு அல்ல. விதைக் கட்டுப்பாட்டு ஆணை 1983-ன்படி ரொக்கத்துக்கு வாங்கினாலும் கடனுக்கு வாங்கினாலும் பில் கொடுத்தே ஆகவேண்டும். "பில் போட்டா ஜிஎஸ்டி சேரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விதைப்புக்கான விதைக்கு ஜிஎஸ்டி இல்லை. பில்லில் ரகம், குவியல் எண், காலாவதி நாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

பையில் உள்ள அட்டையைக் கிழித்து எறியாதீர்கள். சான்று விதைக்கு நீல அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. அதில் முளைப்புத்திறன் போட்டிருக்கும். உளுந்து, பாசிப்பயறுக்குக் குறைந்தது 75 சதவீதம், ஒட்டு மக்காச்சோளத்துக்குக் குறைந்தது 90 சதவீதம் இருக்க வேண்டும். பத்து நாள் முன்பே நூறு விதையை ஈரச்சாக்கில் சுருட்டி முளைக்கவைத்துப் பார்த்தால் பாதி வழக்கு வராமலே போகும். மிச்சம் ஒரு கைப்பிடி விதையை அட்டையோடும் பில்லோடும் ஒரு கவரில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வைத்துவிடுங்கள்.

கிடங்கில் எரிந்த வற்றல்: காப்பீட்டுக்கும் இதுவே

விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. கர்நாடகத்தின் பியாட்கி பகுதி விவசாயிகள் மிளகாய் வற்றல் முதலானவற்றைக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, அதன்பேரில் வங்கியில் கடன் வாங்கியிருந்தார்கள். 2014 ஜனவரியில் கிடங்கு தீப்பற்றி எரிந்தது. 'காப்பீடு எடுத்தது கிடங்குக்காரர். விவசாயிக்கும் எங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை' என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரித்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலிசி விவசாயியின் பெயரில் இல்லாவிட்டாலும், அதன் பயன் அவருடைய சரக்குக்குத்தான். ஆகவே அவரும் நுகர்வோர், நஷ்டஈடு கேட்கலாம் என்பது அதன் சாரம்.

எனவே கிடங்கில் சரக்கு வைக்கும்போது மூட்டை எண்ணிக்கை, எடை, ரகம், தேதி எழுதிய ரசீது வாங்குங்கள். காப்பீடு இருக்கிறதா, எதுவரை என்று கேட்டு அந்த நகலையும் வாங்குங்கள்.

பயிர்க்காப்பீட்டில் வேறு சங்கதி. வறட்சி, பரவலான பாதிப்புக்கு இழப்பீடு தனி வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அந்தப் பகுதியின் பயிர் அறுவடைச் சோதனை சராசரியை வைத்துத்தான். 'என் காடு போச்சு, பக்கத்து ஊருக்கு மட்டும் வந்தது' என்ற வருத்தம் உண்மையாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து வழக்கு நிற்காது. ஆனால் வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ பிரிமியம் பிடித்துவிட்டு, நிறுவனத்துக்கு அனுப்பாமல் விட்டாலோ, சர்வே எண்ணையோ பயிரையோ கிராமத்தையோ தவறாகப் பதிந்தாலோ, அந்தத் தவறுக்குப் பதிந்தவரே பொறுப்பு என்று திட்ட விதிமுறையே சொல்கிறது. இது சேவைக் குறைபாடு. ஆணையத்தில் கேட்கலாம். ஆலங்கட்டி மழை போன்ற தனி வயல் பாதிப்புக்கும், அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயல், பருவம் தவறிய மழையில் வீணானாலும், 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ, வங்கியிலோ, வேளாண்மை அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும்.

முத்துக்குளித்துறைக் குடும்பங்களுக்கும்

வேம்பார் முதல் பெரியதாழை வரை கடலை நம்பிய வீடுகளுக்கும் இதே சட்டம்தான். தானே கடலுக்குப் போகிறவர் தன் வள்ளத்துக்கு வாங்கிய இன்ஜின், வலை, ஜிபிஎஸ் கருவி எல்லாம் பிழைப்புக்கான பொருட்கள். பல விசைப்படகுகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்கு 'வணிக நோக்கம்' என்ற தடை வரலாம். தானே ஓட்டுகிறவருக்கு வராது. இன்ஜினுக்கு உத்தரவாத அட்டையில் கடைக்காரர் முத்திரை, தேதி இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பழுதுபார்க்கும்போதும் சர்வீஸ் சீட்டு வாங்குங்கள். 'மூன்று முறை கொடுத்தேன்' என்று வாயால் சொல்வதைவிட மூன்று சீட்டு பேசும்.

விற்கும்போது வேறு கணக்கு

இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கொண்டுவந்த சிப்பியைக் கரையில் எல்லோர் கண்முன்னும் பங்கு பிரிப்பார்கள். அரசுப் பங்கு போக, குளித்தவர்களின் பங்கு அங்கேயே கைக்கு வரும். ஊரே சாட்சி. இன்றைக்குத் தோட்டத்தில் தார் வெட்டும்போது சாட்சி இல்லை. லாரி கிளம்பியதும் வாக்குச் சொன்னவர் முகம் மறந்துபோகிறது.

விற்கிறவர் நுகர்வோர் அல்ல. வாழை, மிளகாய், உளுந்து, கருப்பட்டி எதுவானாலும் விற்ற பணம் வராததற்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் புகார் திரும்பிவரும். இது 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டமும், 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டமும் சேர்ந்த விஷயம். வாய்மொழி ஒப்பந்தமும் சட்டப்படி செல்லும். ஆனால் நிரூபிப்பது யார்?

அதனால் ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள். எத்தனை தார் அல்லது எத்தனை கிலோ, என்ன விலை, முன்பணம் எவ்வளவு, மீதி எந்தத் தேதியில், வாங்கியவர் பெயர், கையெழுத்து. எடைமேடைச் சீட்டையும் லாரி எண்ணையும் சேர்த்து வையுங்கள். 'மிச்சம் இவ்வளவு தரணும்ல?' என்று கேட்டு வியாபாரி போனில் அனுப்பும் பதிலை அழிக்காதீர்கள்.

தவணை எதுவும் பேசாமல் விற்றிருந்தால், சரக்குக் கொடுத்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் வியாபாரி 'பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த நாளிலிருந்து 3 வருடம் புதிதாகத் தொடங்கும்.

செக் கொடுத்துத் திரும்பிவிட்டால் கணக்கு இன்னும் இறுக்கம். செக்கை 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நீதிமன்றத்தில் புகார். குற்றம் நிரூபணமானால் 2 வருடம் வரை சிறை அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். 'அடுத்த வாரம் போடுங்க' என்ற பேச்சில் இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

நீதிமன்ற அலைச்சலுக்கு முன்னால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், வட்டச் சட்டப்பணிகள் குழுக்களிலும் வழக்குப் போடாமலே மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். ஒத்துக்கொண்டால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஒத்துவராவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை அப்படியே இருக்கும். கிராமத்தில் முகம் பார்த்துப் பழகவேண்டியவர்களுக்கு இது நல்ல வழி.

வக்கீல் தேவைப்பட்டால் இலவச உதவியும் அங்கேயே. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் கேட்கலாம். வெள்ளம், வறட்சியால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று 1987-ம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த தாமிரபரணிக் கரைக்கு இது நினைவில் இருக்க வேண்டும். உதவி எண் 15100.

கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுப் பயிர் செய்வதாக இருந்தால், தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கு 2019-ல் இயற்றிய தனிச் சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவாக வேண்டும் என்பது அதன் அடிப்படை. கையெழுத்துப் போடும் முன் மூன்று இடங்களைப் படியுங்கள்: தரம் சரியில்லை என்று யார் முடிவு செய்வது, சந்தை விலை இறங்கினால் என்ன விலை, பயிர் பொய்த்தால் நஷ்டம் யாருக்கு. புரியாத மொழியில் இருந்தால் கையெழுத்து வேண்டாம்.

வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவை

கடனுக்கு வாங்கினேன், இன்னும் பணம் கொடுக்கவில்லை. நான் புகார் செய்யலாமா?
செய்யலாம். விலை கொடுத்தவர், பாதி கொடுத்தவர், தருவதாக ஒப்புக்கொண்டவர் மூவரும் நுகர்வோரே. ஆனால் பாக்கியைக் காட்டிக் கடைக்காரர் மிரட்டினால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

பில் வெள்ளத்தில் போய்விட்டது. என்ன செய்வது?
கடைக்காரரிடம் எழுத்தில் நகல் கேளுங்கள். அவரிடம் இருப்புப் பதிவேடும் விற்பனைப் பதிவும் இருக்கும். பணத்தைப் போன் மூலமோ வங்கி மூலமோ கொடுத்திருந்தால் அந்தக் கணக்கு விவரமும் ஆதாரம். தர மறுத்தால், ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

நிலம் குத்தகைக்கு எடுத்தது. பட்டா என் பெயரில் இல்லையே?
நுகர்வோர் என்பவர் பொருளை வாங்கியவர். பட்டா அதற்கு நிபந்தனை அல்ல. எவ்வளவு பரப்பில் என்ன பயிர் என்று காட்ட அடங்கலும், குத்தகைச் சீட்டு இருந்தால் அதுவும் உதவும்.

2 வருடம் தாண்டிவிட்டது. இனி வழியே இல்லையா?
தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால், அதைப் பதிவு செய்து ஆணையம் புகாரை ஏற்கலாம். ஆனால் அது ஆணையத்தின் விருப்பம். நம்பி இருக்க வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பல கம்பெனிகள் அந்த ஒரு அழைப்புக்கே இறங்கி வரும். வராவிட்டால், இணைய வழியாகவோ நேரிலோ ஆணையத்தில் புகார்.

அடுத்த பட்டத்துக்கு விதைக்கடைக்குப் போகும் நாள் தூரத்தில் இல்லை. கடைப்படி ஏறும்போதே "அண்ணாச்சி, பில்லோட கொடுங்க" என்று சொல்லிவிட்டால், மார்கழியில் கதிரை உரிக்கும்போது கை வெறுமையாக இருக்காது.